பச்சை வயரும் வெள்ளை வயரும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள், அதனால் கையெழுத்து அழகாக இருக்கும்.

நீ விட்டுப்போன போனில் முகம் பார்த்துப் பேசுவது நின்றுபோனது உனக்குத் தெரியும். பேத்தி பிறந்து நாற்பது நாள், மூக்கு யாருடையது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வழியாகப் போனுக்குப் புது சிஸ்டம் ஏற்றினால் சரியாகும் என்று இவள் சொன்னதற்கு, "எட்டாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடச் சொல்லு" என்றாய். இவள் தூக்கிப் போடவில்லை. மறுநாள் போனைத் தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனாள். கம்ப்யூட்டரில் வயரைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரோ அப்படி ஒரு போனே இல்லை என்கிறதாம். கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகிப் பார்த்தாள், போனின் வாயில் அடைத்திருந்த பஞ்சைக் குச்சியால் எடுத்தாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், ஊஹும். அந்தப் பழைய வாய்க்குப் பொருந்தும் வேறு வயரும் கடையில் இல்லை. கடைக்காரர், "போன் செத்துப்போச்சும்மா, விடு" என்றாராம். இவள் விடவில்லை. "சாப்பாடு உள்ள போகுது, பேச்சு மட்டும் வரலன்னா வயித்துலயா கோளாறு?" என்று ராத்திரி வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். தொண்டையைப் பாரு என்றேன் சும்மா. வயரைத் தடவிக்கொண்டே போனவள் கறுப்பு டேப் சுற்றிய இடத்தில் நின்றாள். பிரித்தால் உள்ளே நாலு கம்பி, சிவப்பும் கறுப்பும் முறுக்கிச் சேர்த்திருக்கிறது, பச்சையும் வெள்ளையும் அறுந்தபடியே கிடக்கின்றன. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, எலி கடித்த வயரை நீ கிளம்புகிற அன்று அவசரமாக ஒட்டிவிட்டு, "ரெண்டு போதும்மா, மத்தது சும்மா" என்றாயே, டிப்ளமோ முடித்த பிள்ளை சொன்னால் சரி என்று இருந்தேன். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு மட்டும்தானாம், அந்தச் சும்மாவில்தான் பேச்சே போகிறதாம். இவள் அவற்றையும் முறுக்கிச் சேர்த்து, மறுநாள் கடையில் செருகினாள், கம்ப்யூட்டர் 'டிங்' என்றது, கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாராம். ஒரு மணி நேரத்தில் புது சிஸ்டம் ஏறிவிட்டது. இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடுகிறாள், எழுதுடி என்று உட்கார வைத்திருக்கிறேன்.

உடனே உன்னைக் கூப்பிடலாம் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். போனில் என்றால் "சரிம்மா சரிம்மா" என்று தாண்டிப் போய்விடுவாய், கடிதத்தை முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும். படித்ததும் நீயே கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், இவள்தான் எடுப்பாள். முதலில் இவளிடம் பேசு, அதுவரை பேத்தியின் மூக்கு காத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மருமகளைத் தூங்க விடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

உன் அம்மா

அண்ணா, இந்த ஒரு வரி மட்டும் நான். சிவப்பையும் கறுப்பையும் நீ நன்றாக முறுக்கியிருந்தாய், அதை நான் அவிழ்க்கவில்லை.