சாமிக்குக் கரண்டு போன அன்று

மச்சான்,

இன்று காலையில் நம் ஊர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். போட்டது அளவு தெரியாத கை. குழாயைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறியது. குளிக்கப் போனவன் இரண்டு செம்பு தலைக்கு ஊற்றினேன். மூன்றாவதை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊற்ற முடியவில்லை. செம்பைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாடையை நாம் முதலில் எங்கே மோந்தோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் பழனியம்மா எழுதுகிறாள். "அப்பாவுக்குங்களா மாமா? போயிச் சேருமா?" என்று கேட்டாள். "சேருதோ இல்லியோ, என் வயித்துல இருந்து வெளிய போகட்டும் கண்ணு, எழுது" என்றேன். படித்தவர்கள் எழுதி வைத்து மறப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் உள்ளேயே கிடந்து ஊறுகிறது.

நீ என் அக்காளைக் கட்டியவன். அதற்கு முன்னால் என்னோடு மாடு மேய்த்தவன். அதனால்தான் ஊரே 'ங்க' போட்டுப் பேசும் உன்னை நான் மட்டும் நீ என்கிறேன்.

உன் பேரன், பழனியம்மா மகன் பிரபுதான் அன்று நம்மை இந்த வாடை அடிக்கிற அந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கம்பெனி வேலை, தை லீவு, வாடகை வேன். அப்பனைப் பெற்றவர்களை விட்டுவிட்டு அம்மாவைப் பெற்றவரைக் கூட்டிப்போகிறானே என்று உனக்கு ஒரே பெருமை. துணைக்கு நானும் பழனியம்மாவும். "எல்லாத்தையும் வீடியோவா எடுத்து வெச்சுக்கலாம் அப்புச்சி. பின்னால பாக்கறதுக்கு ஆகும்" என்றான். பையன் கெட்டவன் இல்லை, மச்சான். வேனில் உனக்கு வாந்தி வந்தபோது தன் கையை நீட்டி ஏந்தினவன் அவன்தான். அந்தக் கையை நானும் மறக்கவில்லை. ஆனால் அதே கையில்தான் அந்தப் போனும் இருந்தது.

வாசலில் நுழைந்தோம். "இல்லீங்க, வெளிச்சம் எதுக்கால அடிக்குது, திரும்பப் போயிட்டு வாங்க" என்றான் பிரபு. போய்விட்டு வந்தோம். "சிரிச்சுக்கிட்டே வாங்க அப்புச்சி. ஆனா என்னப் பாக்காதீங்க." "உன்னப் பாக்காம எதப் பாத்துச் சாமி சிரிக்கறது?" என்று நீ கேட்டாய். மூன்றாம் தடவை நுழையும்போது என் காதோடு, "மாப்ள, ஒரே வாசல்ல மூணு தடவ நுழைஞ்ச மொத ஆளுங்க நாமதான்" என்றாய். அதற்கு நாம் இருவரும் நிஜமாகவே சிரித்தோம். அந்தச் சிரிப்பு வீடியோவில் இல்லை. அதற்குள் அவன் போனை இறக்கிவிட்டான்.

பழனியம்மா விடியலில் அவித்துக் கட்டிய குச்சிக்கிழங்குப் பொட்டலத்தை வாசற்காரன் பிரித்துப் பார்த்து, வெளிச்சோறு உள்ளே வரக் கூடாது என்று குப்பைத் தொட்டியில் போட்டான். ஆவி அடங்காத கிழங்கு. உள்ளே போனதும் பிரபு காகிதக் குவளையில் உருளைக்கிழங்குக் குச்சி வாங்கி வந்து, "ஊட்டி விடுங்க அப்புச்சி, எடுக்கறேன்" என்று உன்னை உன் மகளுக்கு ஊட்டச் சொன்னான். நீ ஊட்டினாய். எனக்கும் ஒன்று கொடுத்தாய். அது ஆறிப்போன எண்ணெய். அந்த வழவழப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை, போன் பிடிக்காத ஆள். தண்ணீரில் விழுகிற பிள்ளையைத் தூக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது எல்லாருக்கும்.

அப்புறம் அந்த நைலான். வேட்டியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். வாடகைக்கு ஒரு நீலக் கால்சட்டை கொடுத்தார்கள். முந்தின ஆள் கழற்றிப்போட்ட ஈரம் அதில் அப்படியே இருந்தது. நான் தொட மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போட்டுக்கொண்டாய். எண்பதை எட்டப்போகிற மனுசன், நெஞ்சு நிறைய நரை, முட்டிக்கு மேலே நீலக் கால்சட்டை. ஏன் அதைப் போட்டாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அங்கே ஒரு அருவி கட்டியிருந்தார்கள். சிமெண்டுப் பாறைக்குச் சாயம் அடித்து, பிளாஸ்டிக் கொடியைத் தொங்கவிட்டு. பின்னால் மோட்டார் உறுமுவது கரைக்கே கேட்டது. நீ செருப்பைத் தூரத்திலேயே கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தாய். நம் மலையில் ஆகாய கங்கை அருவிக்குப் போகும்போது வைப்பது போலவே. கைகூப்பி நின்று ஏதோ முணுமுணுத்து, தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தாய். வெளியே வந்து மறுபடி கும்பிட்டு இரண்டாம் முறை கொடுத்தாய். மூன்றாவதற்குக் கும்பிட்ட கையோடு நீ உள்ளே போகும்போது மணி அடித்தது. தண்ணீர் நின்றுவிட்டது. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துவார்களாம்.

நீ நகரவில்லை. கூப்பிய கை கூப்பியபடி, நீலக் கால்சட்டையில் தண்ணீர் சொட்ட, அந்தக் காய்ந்த சிமெண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். பிரபு எடுத்துக்கொண்டிருந்தான். நான் அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மச்சான், சாமிக்குக் கரண்டு போயிருச்சு!"

நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வாயிலிருந்து எச்சில் தெறிக்கச் சிரித்தேன். அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பிரபு சிரித்த சிரிப்பில் படம் ஆடுகிறது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அதோடு அந்த வீடியோ முடிகிறது.

வேன் எழுபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் அந்த வீடியோ போன் போனாக நமக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. மறுவாரம் சந்தைக்கு மிளகு மூட்டையோடு செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். டீக்கடையில் ஒருத்தன், "ஏனுங்க, சாமிக்குக் கரண்டு வந்துருச்சுங்களா?" என்றான். நீ சிரித்தபடி, "வந்துருச்சுங்க, பில்லுதான் ஏறிப்போச்சு" என்றாய். அடுத்த சந்தைக்கும் கேட்டார்கள். நீ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாய். அதற்கடுத்த சந்தைக்கு வாசலூர்பட்டி ஏரியில் படகு ஓட்ட வந்த வெளியூர்ப் பிள்ளைகள் உன்னை அடையாளம் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்று கைகூப்பிப் படம் பிடித்தார்கள். அதன்பின் நீ செம்மேட்டுக்கு வரவே இல்லை. உன் மிளகையும் என்னிடமே கொடுத்துவிட்டாய்.

நான் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலே பொய். "அந்த வார்த்தையச் சொன்னது நீங்கதானுங்களே?" என்று டீக்கடைக்காரன் கேட்டான். ஆமாங்க என்றேன். ஓசியில் ஒரு டீ கொடுத்தான். குடித்தேன் மச்சான். வாராவாரம் குடித்தேன். இன்னொரு தடவை சொல்லுங்க என்றால் சொல்லிக் காட்டினேன், உன்னைப் போலவே அண்ணாந்து பார்த்து. இப்போது நினைத்தால் அந்த டீ தொண்டை வரை திரும்பி வருகிறது.

உனக்குத் தெரியாதா அது மோட்டார் என்று? பாறையில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தபோது நீயாகவே சொன்னாய், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"மோட்டாருன்னு தெரியும் மாப்ள. எனக்கென்ன காது கேக்காதா? உங்க அக்கா போனதுல இருந்து ஆடிக்கு ஆடி ஆகாய கங்கைக்கு எறங்கி, அவ பேரச் சொல்லி மூணு தடவ தல குடுப்பேன். நாலு வருசமா முட்டி விடல. ஆயிரம் படி எறங்கிருவேன், ஏறறது ஆரு? அன்னிக்கு அந்தப் பூங்காவுல விழுகற தண்ணியப் பாத்ததும், சரி, இங்கயே குடுத்துருவோம்னு தோணுச்சு. தண்ணிக்குத் தெரியுமா, தன்னத் தூக்கி விட்டது மலையா மோட்டாருன்னு? ரெண்டு ஆச்சு. மூணாவதுல நிறுத்திட்டான்."

கூடப் பிறந்தவனுக்கு இல்லாத நினைப்பு கட்டியவனுக்கு இருந்திருக்கிறது. என் அக்காளுக்கு நீ செய்ததைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். "ஊருக்குச் சொல்லாத மாப்ள. அவ பேரு அந்தப் போன்ல ஏற வேண்டாம்" என்றாய். மிளகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "நீ சொன்னது நல்ல சொல்லுதான். மூணாவது முடிஞ்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்" என்றாய்.

நீ சொல்லாதே என்றது எனக்கு நல்ல போர்வையாகிவிட்டது. அக்கா பேரைச் சொல்லாமலே, 'அவனுக்கு எல்லாம் தெரியும்டா, சும்மா இருங்கடா' என்று டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. கடைசியாக நீ கட்டிலில் விழுந்து கிடந்த ஒரு மாதமும் உன் கால்மாட்டிலேயே இருந்தேன். அப்போதும் செம்மேட்டுக்குப் போனால் டீ குடித்தேன்.

போன வாரம் உனக்கு வருசத் தெவசம். பந்தி முடிந்ததும் பிரபு டிவிப் பெட்டியை ஆசாரக் கூடத்தில் வைத்து எல்லாரையும் உட்காரச் சொன்னான். "அப்புச்சி ஞாபகமா ஒண்ணு செஞ்சிருக்கேன்" என்றான். அதே வீடியோதான். ஆனால் மெதுவாக ஓடியது. நீ கைகூப்புகிறாய், தண்ணீர் விழுகிறது, பின்னால் புல்லாங்குழல். மோட்டார்ச் சத்தம் இல்லை. மணி இல்லை. என் குரல் இல்லை, சிரிப்பு இல்லை. நீ திரும்பிப் பார்க்கிற இடம் இல்லை. கடைசியில் உன் முகத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வேறு. ஆயுசோடு இருக்கும்போது எதை வைத்துச் சிரித்தார்களோ, அதையே வைத்து அழுதார்கள். டீக்கடைக்காரனும் வந்திருந்தான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என் சிரிப்பு எங்க சாமி?" என்று கேட்டேன்.

"அது நல்லா இருக்காதுங்க தாத்தா, எடுத்துட்டேன்."

"திரும்ப வையி. அது இல்லாம இது பொய்யி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். மோட்டார் என்று உனக்குத் தெரியும் என்பதை, முட்டியை, ஆடியை, இரண்டோடு நின்றதை, ஓசி டீயை. பேரை மட்டும் சொல்லவில்லை. உன் சம்சாரத்துக்காக என்றேன். எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த பழனியம்மா நிமிர்ந்து, "எங்கம்மாவுக்குங்களா மாமா?" என்றாள். ஆமா கண்ணு என்றேன். இலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீக்கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது பிரபு எழுந்து என் முன்னால் வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். நிசமான தண்ணீர்தான். கையில் போன்.

"தாத்தா, இத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க. மொதல்ல ஆன் பண்ணாம விட்டுட்டேன். அம்மாயி பேரையும் சேத்துச் சொல்லுங்க. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

உள்ளங்கையை விரித்து அந்தப் போனின் கண்ணை மூடினேன். சூடாக இருந்தது, உயிருள்ளது போல. "இதுல ஏறாது சாமி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கோபமும் இல்லை பாவம், திகைத்துப்போய் நின்றான். அந்தச் சூடு கையிலிருந்து போகச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

அதனால்தான் மச்சான், இன்று காலை அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஒரு புத்தி வந்தது. இரண்டோடு நின்றுபோன உன் காரியத்தை நான் முடித்துவிடலாம் என்று. என் முட்டியும் இப்போது படி இறங்காது. தொட்டித் தண்ணீர்தான், மோட்டார் ஏற்றியதுதான். தண்ணீருக்குத் தெரியுமா? முதல் இரண்டு செம்பு உனக்காக ஊற்றினேன். மூன்றாவதைத் தூக்கி, அக்கா பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

வந்தது அந்தச் சொல். கரண்டு போயிருச்சு என்ற அந்தச் சொல். தானாக, பழகிய நாக்கில், சிரிப்போடு.

இதை எழுதும்போது உன் மகள் பேனாவை நிறுத்திவிட்டாள். "நான் வந்து ஊத்தட்டுங்களா மாமா? எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதுங்களா?" என்கிறாள்.

வேண்டாம் கண்ணு என்றேன். சிரித்த வாய்தான் சொல்ல வேண்டும்.

செம்பு இன்னும் கல்லின் மேல்தான் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது, வாடை கொஞ்சம் இறங்கியிருக்கும். போய்ப் பார்க்கிறேன். அந்தச் சொல் வந்தால் துப்பிவிட்டு, பேர் வருகிறவரை செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ நிற்கவில்லையா, காய்ந்த சிமெண்டைப் பார்த்துக்கொண்டு?