மூன்று விரற்கடைத் தண்ணீர்

தம்பி,

நான் அன்றைக்கே சொன்னேன். கடல் உன் வீட்டுக்குள் வரும், அடுப்படியில் நிற்கும், அந்த நேரம் உன் மகள் அங்கே இருக்க மாட்டாள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான்தான். ஆனையூரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம் ஒரு பாட்டில் தண்ணீர். உன் மகள் புது வீட்டில் இப்போதுதான் வெட்டிய கிணற்றில் இறைத்த முதல் தண்ணீர். ராமநாதபுரம் பஸ்ஸில் வந்த உன் மருமகன் கருவாட்டுப் பொட்டலத்தோடு அதையும் மேசைமேல் வைத்து, "மொதத் தண்ணி பெரியப்பாவுக்குத்தான்னு சொல்லிருச்சு மாமா" என்றான். குடித்தேன். இளநீர் தோற்றுப்போகும். பாதியைக் குடித்துவிட்டு மீதியை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் மருமகள் தினமும், "மாமா, அந்தப் பழைய தண்ணிய ஊத்திட்டு பாட்டிலக் கழுவட்டா?" என்று கேட்கிறாள். தொட விடவில்லை.

உசிலம்பட்டிச் சந்தையில் நாம் அருகருகே நின்ற காலத்தை நினைத்துக்கொள்கிறேன். நான் ஆட்டுத் தரகன்; நீ கடலோரத்திலிருந்து வாரம் தவறாமல் கருவாடு கொண்டுவருபவன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தர ஆள் கிடைத்திருக்காது. அந்தத் தெம்பில்தான் நீ கடலைப் பற்றிச் சொன்னபோதும் நடுவில் புகுந்தேன்.

"கடலு ஏறிக்கிட்டே வருதுண்ணே. வருசத்துக்கு ஒரு நெல்லு கனம் இருக்கும்."

"நெல்லு கனமா? அடப் போடா. எங்க கம்மாயில ஒரு சாண் ஏறுனா நாங்க கெடா வெட்டுவோம். நீ நெல்லு கனத்துக்கு ஒப்பாரி வைக்கிற."

சந்தையே சிரித்தது. நீயும் சிரித்தாய். "நீங்க தண்ணி வரலையேன்னு சாமி கும்புடுறீக. நாங்க வந்துருச்சேன்னு கும்புடுறோம்" என்று சொல்லிவிட்டு, நெத்திலியைப் புரட்டிப் போட்டாய். சிரித்தேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் அப்போதே தெரியும்.

அந்த வருடம்தான் எங்கள் கண்மாய் பல வருடத்துக்குப் பிறகு நிறைந்தது. தண்ணீர் நின்ற இடத்துக்கு நாலு எட்டு தள்ளி, மேற்கு ஓரத்தில், நான் வெள்ளரி போட்டிருந்தேன். கரையோரத்தில் ஒரு கல்லில் கரிக்கோடு போட்டுக் கண்காணித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் கோட்டுக்கு மேல் மூன்றே விரற்கடைதான் ஏறியிருந்தது. மூன்று விரற்கடைதானே என்று மேற்கு ஓரத்துக்குப் போனால் வெள்ளரியைக் காணோம். கொடி, பிஞ்சு, காவலுக்குப் போட்ட கட்டிலின் கால் எல்லாம் தண்ணீருக்குள். கட்டிலில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. கரைப் பக்கம் செங்குத்து. அங்கே மூன்று விரற்கடை மூன்று விரற்கடையாகவே இருந்தது. மேற்கே தரை தட்டுப்போலக் கிடந்ததால் அதே தண்ணீர் படுத்து ஊர்ந்து ஐம்பது எட்டு உள்ளே போயிருந்தது. இந்தக் கண்டுபிடிப்பைப் பார்க்கப் பாதி உசிலம்பட்டி திரண்டுவந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி நோட்டில் குறித்துக்கொண்டே போனார்.

அடுத்த சந்தையன்று உன்னையும் கூட்டிப்போய்க் காட்டினேன். நீ சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாய்.

"நல்ல தண்ணிண்ணே. ஒங்க கம்மாய் பங்குனியில வத்திரும், திரும்ப வெள்ளரி போடுவீக. எங்க கம்மாய் வத்தாது."

திரும்பி வரும்போதுதான் மிச்சத்தையும் சொன்னாய். தரைக்குள்ளே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடல் கொஞ்சம் உயர்ந்தால் அடியிலிருக்கும் உப்பும் உயர்ந்து கிணற்றுக்குள் வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் முன்பு தென்னையடியில் திரும்பிய அலை இப்போது வாசலைத் தொடுகிறது. மழைத்தண்ணீர் வடிய வேண்டிய ஓடையில் கடல் எதிர்த்து ஏறி நிற்கிறது. அத்தனையும் நெல் கனம் நெல் கனமாகச் சேர்ந்தது. பிற்பாடு இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாகவே நாலு ஊரில் சொல்லியிருக்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நீ நெஞ்சுவலி என்று படுத்து எழாமல் போனாய். வருடத் திதிக்கு வந்தவன் உன் வீட்டு வாசலைப் பார்த்து நின்றுவிட்டேன். தரை உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. உன் மகள் தண்ணீர் லாரியிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்தாள்.

"ஏந்தாயி, கெணறு என்னாச்சு?"

"கரிக்குது பெரியப்பா. சோறு வடிச்சா வாயில வைக்க முடியல. சின்னவனுக்கு மேலெல்லாம் சொறி."

"பனங்காட்டு மேட்டுல ஒங்கப்பன் வாங்கிப்போட்ட எடம் சும்மாதான கெடக்கு? அங்கிட்டுப் போயிர வேண்டியதுதான?"

உன் மருமகன் வலையிலிருந்து கையெடுக்காமலே சொன்னான்: "படகு கண்ணுல படாம எனக்குச் சோறு எறங்காது மாமா. ஆனாலும் பிள்ளைகளுக்காக நான் வந்துருவேன். இவதான் வரமாட்டேங்கா."

"அப்பா கல்லுக் கல்லா சேத்துக் கட்டுன வீடு. விட்டுட்டுப் போனா அவரு மனசு தாங்குமா?" என்று அவள் சுவரில் கையை வைத்தாள்.

அப்போதுதான் நீ கடைசிச் சந்தையில் சொன்னதைச் சொன்னேன். "ஒங்கப்பன் என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான்தாயி. 'கெணறு கரிச்சுருச்சுன்னா என் மகள எந்திரிச்சுப் போகச் சொல்லுண்ணே. வீட்ட நான் கட்டுனது அது இருக்கத்தான், அது காவக் காக்க இல்ல.' இதே வார்த்த."

"அப்பாவா சொன்னாரு?"

"பெறகு நானா சொல்லுறேன்?"

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குடத்தை இறக்கிவைத்தாள். தை பிறந்ததும் மேட்டில் ஓடு போட்டு ஏறிவிட்டார்கள். உன் மருமகன் விடியுமுன் சைக்கிள் மிதித்துப் படகுக்குப் போகிறான், முணுமுணுத்துக்கொண்டேதான் போகிறான்.

போன ஐப்பசியில் ஒரு புயல். பெரிய புயல்கூட இல்லை, எங்கோ வடக்கே கரை ஏறிப் போனது. அதன் அலைதான் இங்கே வந்தது. முந்தி என்றால் தென்னையடியில் விழுந்து திரும்பியிருக்கும் என்கிறார்கள். இந்தமுறை உன் பழைய வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வாசல் பக்கச் சுவர் பிள்ளைகள் படுக்கும் இடத்தின்மேல் சரிந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. அப்புறம் அண்டை வீட்டார் இரண்டு குடும்பமும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். "எங்கப்பா சாகுமுன்னாடி சொன்னாரு" என்று உன் மகள் சொன்னாளாம். அந்தப் பக்கம் இப்போது எல்லோர் வாயிலும் அந்த வார்த்தைதான், உன் பேரோடு.

தம்பி, நீ அப்படிச் சொல்லவேயில்லை. உனக்கும் எனக்கும் தெரியும். அன்று உன் மகள் சுவரில் கையை வைத்ததைப் பார்த்ததும் வாயில் வந்தது. ஊரார் பேச்சையெல்லாம் என் பேச்சாகச் சொல்லித் திரிந்தவன், என் சொந்தப் பேச்சு ஒன்றை உன் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் தெருவில் யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது.

கடைசிச் சந்தையில் நீ சொன்னது வேறு. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "அடுத்த வாரம் நல்ல நெத்திலியா கொண்டாரேன், பையி எடுத்துட்டு வாங்கண்ணே" என்றாய். அவ்வளவுதான். பை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.