நரிக்கு வாங்கிய ரவை

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிரெக் கடைக்கு வந்தார். சாண்ட்விச் போடும் சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்றை என் முன்னால் வைத்தார். உள்ளே, காய்ந்த சவ்வு ஒட்டிய செப்புத் துண்டுகள் நாலைந்து, நெல்மணி அளவில் கிடந்தன. கூடவே சிவப்புப் பிளாஸ்டிக் முனை ஒன்று. பையைத் திறந்ததும் பழைய இறைச்சி மணம் வந்தது. எட்டு வருடமாக, துவக்கும் ரவையும் விற்கிற இந்தத் துப்பாக்கிக் கடையில் நிற்கிறவள் நான். ரவையும் புதிதில்லை, இறைச்சியும் புதிதில்லை. இருந்தும் பையை உடனே மூடினேன்.

கிரெக்கை உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் தாடி, எப்போதும் ஈரச் சப்பாத்தோடு கடைக்குள் வந்து நிலத்தை நாசமாக்குகிற கிழவர். "இது என்ன வகை, சொல் பார்ப்போம்," என்றார் தன் ஆங்கிலத்தில். "பெரிய ஆண் மரை மான். தோளை உரிக்கும்போது உள்ளே கிடந்தது. பழைய காயம், நன்றாக ஆறியிருக்கிறது. நரிக்குச் சுடுகிற ரவையை மரைக்கு அடித்த முட்டாள் எவனோ!"

அந்த முட்டாள் நீங்கள்தான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, எந்த இடத்தில் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். கிப்ஸ்லாந்து மலையில், நாலு வருடத்துக்கு முன்பு உங்களைக் கண்டெடுத்த அதே ஓடையைச் சொன்னார். அவருக்கு அது ஞாபகமில்லை. அந்தச் சிவப்பு முனை ரவை எங்கள் கடைக்கு இரண்டே இரண்டு பெட்டிதான் வந்தது. ஒன்றை யாரும் வாங்காமல் திருப்பி அனுப்பினோம். மற்றதை நான் உங்களுக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னொன்று சொல்ல வேண்டும்," என்றார் கிரெக், குரலைத் தாழ்த்தி. "அது ஓடவில்லை. என்னைக் கண்டது, நின்றது, பிறகு என்னை நோக்கி நடந்து வந்தது. ஆறுதலாக, தலையைத் தாழ்த்தாமல். இவ்வளவு காலம் வேட்டைக்குப் போகிறேன், மரை அப்படி வந்து நான் கண்டதில்லை. சுட எனக்கு மனமிருக்கவில்லை. சுடாமல் நிற்கவும் பயமாக இருந்தது."

அவர் போன பிறகு பையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னறையில் போய்க் குந்தியிருந்தேன். செத்து நாலு வருடமானாலும் என் மனுசன் நீங்கள், உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. அதனால்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

நான் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாள் நீங்கள் சிரித்த சிரிப்பு எங்கள் ரோவில் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். "மன்னாரில மீன் வெட்டினவளிட்ட வெள்ளைக்காரன் வந்து ரவை விசாரிக்கப் போறான். காலமடியப்பா!" என்றீர்கள். ஆனால் மூன்றே மாதத்தில் நீங்களும் என்னிடம்தான் விசாரித்தீர்கள். குசினியில் நான் சோறு வடிக்கும்போது கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்துகொண்டு கேள்வி கேட்பீர்கள்.

"முயலுக்கு?"

"இருபத்திரண்டு எண்ட சின்ன ரவை காணும். அதைவிடப் பெரிசு அடிச்சால் கறிக்கு முயல் இராது."

"நரிக்கு?"

"இலேசானது, வேகமானது. தொட்ட உடன சிதறோணும்."

"காட்டுப் பண்டிக்கு?"

"கிட்டவெண்டால் பாரமானது. தூரமெண்டால் விட்டிட்டு வீட்டை வாங்கோ."

"மரைக்கு?"

அதற்கு நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். மரை குதிரை மாதிரி. தோளெலும்பு தடிப்பு, தோலுக்கு மேலே சேறு. பாரமான ரவை வேண்டும், அதன் செப்புத் தோலும் தடிப்பாக இருக்க வேண்டும், எலும்பை உடைத்துக்கொண்டு நெஞ்சுவரை போக வேண்டும். நரி ரவையை அதன் தோளில் அடித்தால் மேலேயே உடைந்து நின்றுவிடும். மிருகம் சாகாது, நோவோடு நடந்து திரியும். "சரியான ஆள்தான்," என்பீர்கள். பிறகு, ஒவ்வொரு முறையும், உங்கள் வேதவாக்கு: "மிருகத்தை நினைச்சு ரவையை எடுக்கோணும். ரவையை எடுத்துப்போட்டு மிருகத்தைத் தேடக்கூடாது."

மரை என்றால் உங்களுக்கு ஒரு சொந்தக்காரப் பாசம். இந்த நாட்டு மரைகளில் ஒரு பகுதி இலங்கையிலிருந்து கப்பலில் வந்ததாம் என்று எங்கோ வாசித்துவிட்டு, வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். "எங்களை மாதிரி இதுகளும் கடலாலதான் வந்ததுகள். ஆனால் இதுகளிட்ட ஒருத்தரும் விசாக் கேக்கேல்லை!" படகில் வந்து ஒன்பது வருடம் விசாவுக்குக் காத்திருந்த மனுசன் அந்தப் பகிடியைச் சொன்னால் சனம் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன்.

கடைசி மாதத்தில் நீங்கள் பகிடி விடுவதைக் குறைத்துவிட்டீர்கள். ஒருநாள் வேட்டையால் வெறுங்கையோடு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் நின்றுகொண்டு சொன்னீர்கள்: "ஒரு ஆண் மரை. பாத்துக்கொண்டு நிண்டதடி. என்னைத் தெரிஞ்ச மாதிரி. நான் நடந்தால் அதுவும் நடக்குது. நான் நிண்டால் நிக்குது." சப்பாத்தைக் கழற்றச் சொல்லி நான் ஏசினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் வேட்டைக்குப் போன அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முதல் நாள் பின்னேரம் இரண்டு பெட்டி ரவை கொண்டுவந்தேன், இரண்டும் உங்கள் ஒரே துவக்குக்கு உரியவை. ஒரே கொம்பனி, ஒரே அளவுப் பெட்டி. ஒன்று மரைக்கு, மற்றது காட்டுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன் தன் பண்ணையில் நரி சுட்டுத்தரச் சொல்லிக் கேட்டதற்காக. வழமையாக உங்களோடு வேட்டைக்கு வருகிற அன்ரனுக்கு அன்றைக்குக் களஞ்சியத்தில் ஓவர்டைம். "தனியப் போகாதேங்கோ," என்றேன். "பின்னேரம் வீட்டை நிப்பன்," என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள். "போயிட்டு வாறன்" என்றும் சொன்னீர்கள், அதில் குறை வைக்கவில்லை.

கார் பின்னுக்குப் போய் ரோட்டில் ஏறும்போதுதான் மேசையைக் கண்டேன். மரைப் பெட்டி அங்கேயே இருந்தது. நரிப் பெட்டி உங்கள் பைக்குள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

காரியமாகப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. என் அம்மா, கடலுக்குப் போகிற ஐயாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வலையை மறந்து போனாலும் கூப்பிட மாட்டா. வேதக்காரர் சகுனம் பார்க்கக் கூடாது என்று சாமியார் வருடம் தவறாமல் பிரசங்கம் வைப்பார். நாங்களும் ஆமென் சொல்லிப்போட்டு வீட்டை வந்து பார்ப்போம். அதுவும் துவக்கோடு காட்டுக்குப் போகிற மனுசனை, தனியப் போகிற மனுசனை எப்படிக் கூப்பிடுவது? பெட்டியைத் திறந்தால் தெரியும்தானே, சுடாமல், வெடி வைக்காமல் வரட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். போன் எடுத்திருக்கலாம். அதுவும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதான் என்று பட்டது. பாதித் தூரம் போகட்டும் என்று பொறுத்து ஒன்பது மணிக்கு எடுத்தேன். அப்போது உங்களுக்குச் சிக்னல் இல்லை.

ஞாயிறு மத்தியானம் உங்களைக் கண்டெடுத்தார்கள். ஓடைக்கரையில் மரத்தில் சாய்ந்து இருந்தீர்களாம். சட்டைப் பைக்குள் சுட்ட ரவையின் வெற்றுக் கோது ஒன்று. துவக்கு வெறுமையாக, பாதுகாப்பாகப் பக்கத்தில். மாரடைப்பு என்று எழுதினார்கள். சப்பாத்து இரண்டையும் கழற்றி, வீட்டு வாசலில் வைப்பது போல ஒழுங்காக வைத்திருந்தீர்களாம். குளிரில் அறிவு மயங்கினால் மனுசர் அப்படிச் செய்வார்களாம், டொக்டர் சொன்னார். தேடிப் போனவர்களில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறொன்று சொன்னாள். உங்களைச் சுற்றி ஈரமண்ணில் மரையின் குளம்படி, ஒரே வட்டமாக, பலமுறை. இரத்தம் ஒரு துளியும் இல்லை. இதை எதற்கு என்னிடம் சொன்னாள் என்று அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

நான் பெட்டியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பிழையான ரவை, காயப்பட்ட மிருகம், காயப்பட்ட சீவனை விட்டிட்டு வருவது பாவம் என்று சொல்கிற நீங்கள் அதன் பின்னால் மலை ஏறி இறங்கியிருப்பீர்கள், இருதயம் நின்றுவிட்டது. கணக்குச் சரியாக வந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றும் செய்தேன். அன்ரன், "நான் கூடப் போயிருக்கோணும் அக்கா, நான்தான் அண்ணையைச் சாகக் குடுத்தனான்" என்று உங்கள் சவப்பெட்டியடியில் விழுந்து அழுதான். நான் சும்மா நின்றேன். அவன் துவக்கை விற்றான். குடிக்கத் தொடங்கினான். நகரத்துக்கு மற்றப் பக்கம் இருக்கிற பொயிண்ட் குக்குக்கு வீடு மாறிப் போனான், எங்கள் பக்கம் வரப் பயந்து. நாலு வருடம் அவனை என் பழியைச் சுமக்க விட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போனேன், நற்கருணை நன்மையும் வாங்கினேன். வெட்கங்கெட்டவள்.

செப்புத் துண்டுகளைக் கண்ட பிறகு இருக்க முடியவில்லை. போன ஞாயிறு நகரத்துப் பெரிய பாலத்தைக் கடந்து அன்ரன் வீட்டுக்குப் போனேன். கராஜுக்குள் தனிய இருந்தான். மெலிந்துவிட்டான், தலை நரைத்துவிட்டது. பையை அவன் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, வாசல், கூப்பிடாத வாய், எல்லாம்.

"உன்னில ஒரு பிழையும் இல்லை அன்ரன். நாலு வருசமா எனக்குத் தெரியும். சொல்லேல்லை."

அவன் அந்தச் சிவப்பு முனையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். ஏசுவான், அடிக்கக்கூட வருவான் என்று நினைத்தேன். நான் எழும்பி வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தேன்.

"அக்கா!"

பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டு நின்றான்.

"நில்லுங்கோ அக்கா. நானும் ஒண்டு சொல்லேல்லை. அண்டைக்கு எட்டு மணிக்கு இடைவேளையில அண்ணைக்குப் போன் எடுத்தனான். வழியில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறன் எண்டவர். 'ரவை மாறி வந்திட்டுது அன்ரன். அவள் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு வாசலில நிக்கிறதைக் கண்ணாடியில கண்டனான். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பன். கூப்பிடேல்லை. வெளிக்கிட்டாப் பிறகு நானாத் திரும்பினால் சரிவராது. இண்டைக்கு மரை முன்னுக்கு வந்து நிண்டாலும் வெடி வைக்கமாட்டன், சும்மா பாத்திட்டு வாறன்' எண்டு சிரிச்சவர். இதைச் சொன்னால் நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு நான் மூடி வைச்சனான்."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன மனுசனப்பா நீங்கள்! கண்டிருக்கிறீர்கள். நான் வாயைத் திறந்து மூடியதையும் கண்டிருக்கிறீர்கள். நான் கூப்பிடுவேன் என்று நீங்கள் பார்த்திருக்க, நீங்கள் திரும்புவீர்கள் என்று நான் பார்த்திருக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சகுனத்தைக் காப்பாற்றியிருக்கிறோம். ரோட்டோரம் நின்றே உங்களைத் திட்டினேன். பிறகு அன்ரனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் மனுசி ஓடிவந்து, யார் செத்தது என்று கேட்டா.

அன்ரன் இப்போது ஒழுங்காக நித்திரை கொள்கிறானாம், நேற்றுப் போனில் சொன்னான். நல்லது. நான்தான் கொள்வதில்லை. கடையில் ஆட்கள் ரவை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிட்டு, எந்த மிருகத்துக்கு, பெட்டியைக் காட்டு என்கிறேன். நேற்று ஒரு தமிழ்ப் பொடியன் முகத்தைச் சுளித்தான். "அன்ரி, போகேக்க கூப்பிடாதேங்கோ." கூப்பிடுவேன், என்ன செய்வாய் என்றேன்.

ஆனால் என் பழைய கணக்கு இப்போது பிழைத்துவிட்டது. நீங்கள் மறதியாகச் சுடவில்லை. துவக்குக்குள் இருப்பது நரி ரவை என்று தெரியும். அது மரையை விழுத்தாது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். முன்னுக்கு வந்து நின்றாலும் சுடமாட்டேன் என்று அன்ரனிடம் சொல்லிவிட்டுப் போன ஆள், ஒரு சொல் மாறாத ஆள், ஒரேயொரு வெடி வைத்திருக்கிறீர்கள். காயப்பட்ட மிருகத்துக்குப் பின்னால் நீங்கள் போனீர்கள் என்றுதான் நாலு வருடம் நினைத்தேன். கிரெக் சொன்னதைக் கேட்ட பிறகு, யார் யாருக்குப் பின்னால் போனது என்று தெரியவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்று கூப்பிடாததை இப்போது கூப்பிடுகிறேன். எனக்குச் சகுனமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இஞ்சேருங்கோ, நீங்கள் சுடுறதுக்கு முன்னம் அந்த மரை எவ்வளவு கிட்ட வந்தது?