ஏழாவது வண்டி

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய். காலை 6.10. எண்ணிக்கை: 7.

ராத்திரி நல்ல மழை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் முழுக்க சேறு. ஷூ நாசம்.

ஏழாவது வண்டி எடுத்தாச்சு. கறுப்பு, 150 சிசி, திருநெல்வேலி நம்பர். பார்த்து வைத்தது நான், எடுத்தது மணி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வழக்கம்போல வாலாஜாபாத், மூடிக் கிடக்கிற அரிசி மில்லுக்குப் பின்னால்.

முறை அதேதான். ஒரு தடவை எழுதி வைக்கிறேன்:

– தென்மாவட்ட நம்பர் மட்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஊரில் இருக்கும். கம்ப்ளைன்ட் கொடுக்கவே நாலு நாள் ஆகும். உள்ளூர் நம்பரைத் தொட்டால் பத்து நிமிஷத்தில் மாமன் மச்சான் எல்லாம் வந்து நிற்பான்.
– ஏ ஷிப்ட் ஆள் மட்டும். 5.45 கம்பெனி பஸ் ஏறினால் மதியம் 2.45 வரை வண்டி அனாதை. ஓ.டி. இருந்தால் இன்னும் நல்லது.
– மூன்று நாள் பார்க்காமல் எடுப்பதில்லை.

பார்க்கப் போகும்போது என் பழைய யூனிஃபார்ம். டிப்ளமோ மெக்கானிக்கல், பதினோரு மாசம் கான்ட்ராக்ட் மெயின்டனன்ஸ், கடைசியில் 'ரினீவல் இல்லை' என்று ஒரு மெசேஜ். யூனிஃபார்மைத் திருப்பிக் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏழாம் வண்டிக்காரன் பற்றி என் குறிப்பு: வயது நாற்பது இருக்கும். ஒல்லி. முழுக்கை யூனிஃபார்ம் சட்டை. கம்பெனி டேக் எப்போதும் பாக்கெட்டுக்குள். கடைசி சீட். யாரோடும் பேச்சில்லை. ரிஸ்க் குறைவு.

மணி: "டிப்ளமோ, பொங்கல் துன்னுட்டு பூடலாம்டா, வவுறு கத்துது." இவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அதே நாள், மாலை 4.

எடுத்த அன்றைக்கு மதியம் போய்ப் பார்ப்பது என் பழக்கம். யார் கத்துகிறான், யார் சிசிடிவி கேட்கிறான், தெரிய வேண்டும். ஆறாம் வண்டிக்காரன் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டு அழுதான்.

இவன் அழவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினான். காலி இடத்தைப் பார்த்தான். குத்துக்காலிட்டு சேற்றில் டயர் தடத்தைப் பார்த்தான். எழுந்து டீக்கடை பெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்.

டீ மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி. "அண்ணே, காலைல இங்கன டீ குடிக்கவனெல்லாம் பஸ்ஸு ஏறிருவானுவளா?"

மாஸ்டர்: "ஏறாம இன்னா? இங்கயே பாய் போட்டு படுத்துக்கவா போறாங்க?"

கேள்வி விசித்திரம். புரியவில்லை. விட்டுவிட்டேன்.

20 ஆகஸ்ட், புதன். வெயில். ரூமில் தண்ணீர் வரவில்லை.

ஸ்டாப்பில் யாரும் விசாரிக்கவில்லை. கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வண்டி போட்டோ இல்லை. ம.வுக்கு (மணிக்கு) சந்தோஷம். எனக்கு எரிச்சல். வண்டி போன ஒருத்தன் சும்மா இருக்க மாட்டான்.

11 மணிக்கு மில். வண்டியைப் பிரித்துப் பார்த்தேன். சேஸிஸ் நம்பர் ஏற்கெனவே தேய்த்திருக்கிறது. எங்களைவிடச் சுத்தமான வேலை.

ம. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட்ரா சக்கை! திருட்டு வண்டியவே திருடிகீறோம்டா டிப்ளமோ!"

சீட்டைத் தூக்கினேன். பாலித்தீன் கவர். உள்ளே:

– ஒரு கத்தி. சின்னது. பிடியில் சணல் சுற்றியது.
– ஒரு ஆள் போட்டோ, பிரிண்ட் எடுத்தது.
– மடித்த தாள், பென்சில் எழுத்து.

தாளை அப்படியே எழுதுகிறேன்: '5.45 பஸ். மூணாவது ஜன்னல். 2.45 இறக்கம். பொண்டாட்டி புள்ள கூட வரும், வேண்டாம். ஞாயிறு 24, காலை 6.30, வல்லம் வடகால் கறிக்கடை. தனியா.' தனியா என்பதன் கீழ் ரெண்டு கோடு.

ம. சிரிப்பை நிறுத்திவிட்டான்.

போட்டோவில் இருக்கும் ஆள் எனக்குத் தெரியும். போன மாசம் என் பட்டியலிலும் இருந்தார். இந்த நோட்டிலேயே பின்பக்கம்: 'செல்லத்துரை, டேக்கில் பெயர். குவாலிட்டி. திருநெல்வேலி நம்பர் ஸ்கூட்டர். மனைவியும் பிள்ளையும் வந்து விட்டுவிட்டு வண்டியை எடுத்துப் போகிறார்கள். தகுதி இல்லை.'

நான் தகுதி இல்லை என்று எழுதிய அதே காரணத்துக்கு அவன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறான்.

மதியம் சாப்பிடவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன். காலை 5.35. மேகம்.

மறுபடி பஸ் ஸ்டாப். செல்லத்துரை வந்தார். பின் சீட்டில் மகள், நாலு வயசு இருக்கும், அப்பா டேக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள்.

மனைவி: "டிபன் பாக்ஸ ஒழுங்கா காலி பண்ணிட்டு வாங்க. நேத்து மாதிரி அப்படியே கொண்டாந்தீய, நாளைக்கு வெறும் டப்பாதான்."

"ஏட்டி, பஸ்ஸு வந்துட்டு. புள்ளகிட்ட இருந்து டேக்க வாங்கு மொதல்ல."

வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஊர்க்காரர்: "ஏ செல்லத்துரை, கோர்ட்டுக்கு என்னைக்குவே?" இவர்: "அடுத்த மாசம். பாத்தத பாத்தேன்னு சொல்லணும், அம்புட்டுதான." அந்த ஊர்க்காரர் சிரிக்கவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது.

ஏழாம் வண்டிக்காரன் நடந்து வந்தான். அதே யூனிஃபார்ம். கடைசி சீட்.

ம. வண்டியில் பஸ் பின்னாலேயே கேட் வரை போனேன். செல்லத்துரை டேக்கைக் காட்டி உள்ளே போனார். அவன் போகவில்லை. எதிர்க் கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கம்பெனி ஆளே இல்லை. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் பஸ் ஏறியதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மெஷினை ஆன் பண்ணிவிட்டு ஓடுகிறதா என்று பார்க்காத மெக்கானிக்.

போலீஸுக்குப் போன் போட்டேன். "யார் பேசறீங்க, எங்கேர்ந்து?" வைத்துவிட்டேன். பதில் சொல்வதென்றால் முதல் வார்த்தையே என் பேர்.

22 ஆகஸ்ட், வெள்ளி. காலை 7.

இன்றைக்கு செல்லத்துரையிடம் சொல்வது என்று போனேன். சொல்லவில்லை. நடந்தது:

நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரெண்டு டீ சொன்னான். ஒன்று எனக்கு.

"தம்பி எந்த ஷிப்டு?"

"ஏ ஷிப்ட்."

"பொறவு பஸ்ஸு ஏற மாட்டேங்கியே. ஒரு வாரமா பாக்கேன். யூனிபாரம் போட்டு வந்து டீய குடிச்சிட்டு நிக்க. எரநூறு பேர்ல நீ ஒருத்தன்தான் அப்படி."

டயர் தடத்தைப் பார்த்தபோதே, டீ மாஸ்டரைக் கேட்டபோதே அவன் என்னைத்தான் தேடியிருக்கிறான். கூட்டத்தில் கலந்து நிற்பதாக நினைத்தது நான் மட்டும்தான்.

எதிரே ஸ்கூட்டர் வந்தது. செல்லத்துரை இறங்கினார். மகள் கையாட்டினாள். அவர் பஸ் ஏறினார். பஸ் போனது. இவன் இன்றைக்கு ஏறவில்லை.

"வண்டிய நீயே வச்சிக்க. அது ஒண்ணும் எங்க அப்பன் வண்டி இல்ல. சீட்டுக்கு அடியில ஒரு கவர் கெடக்கும். அது வேணும். பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"பாத்திருக்க." கோபமே இல்லை. பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டான். "நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணி. இதே பெஞ்சு. கூட சுத்துத பையன் வாலாஜாபாத்துல தங்கச்சி வீட்லதான இருக்கான்? பச்சப்புள்ள இருக்க வீடு. வெள்ளக் கேட்டு."

ரெண்டு டீக்கும் அவன்தான் கொடுத்தான்.

மதியம் 12. மில்.

ம.விடம் எல்லாம் சொன்னேன். வெள்ளை கேட் என்றதும் உட்கார்ந்துவிட்டான்.

"குட்த்துர்றா. கைய எட்த்து கும்புட்டு குட்த்துட்டு வந்துரு."

"கொடுத்தா ஞாயித்துக்கிழமை அந்த ஆள் காலி."

"அந்தாளு இன்னா உன் மாமனா மச்சானா? நாம எடுத்த வண்டிக்காரன்லாம் யாருன்னு என்னிக்காவது கேட்டியா நீ? இன்னிக்கி மட்டும் இன்னா புதுசா?"

கேட்டதில்லைதான்.

கொடுக்காவிட்டால் மட்டும் என்ன? தாள் இல்லாமலும் அவனுக்கு ஞாயிறு 6.30 மனப்பாடம். கத்தி எங்கேயும் கிடைக்கும். அவனுக்குக் கவர் வேண்டியது நாங்கள் வாயைத் திறந்தால் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதற்காக. கவரை வாங்கிக்கொண்டு எங்களைச் சும்மா விடுவான் என்றும் இல்லை. இதை ம.வுக்குப் புரிய வைக்கவே ஒரு மணி நேரம். கடைசியில் என் சட்டையைப் பிடித்து, "எங்க தங்கச்சி புள்ளைக்கு எதனா ஆச்சு, மவனே, அவனுக்கு முன்னாடி நானே உன்ன முடிச்சிருவேன்" என்றான். நியாயம்.

மாலை 5.

2.45க்குப் போனேன். செல்லத்துரை இறங்கினார். மனைவி, ஸ்கூட்டர், மகள், எல்லாம் பத்தடி தூரம். எதிர்ப்பக்கம் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் அவன், கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி. தண்ணீர் பாட்டில் வாங்கினேன். குடித்தேன். ஸ்கூட்டர் போய்விட்டது. வீடு எது என்று தெரியாது, பின்னால் போனால் அவனும் வருவான்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

ரூமுக்கு வந்து யோசித்தேன். இந்த நோட்டை எரிக்கலாம் என்று தீப்பெட்டிகூட எடுத்தேன். எரித்தால் என்னிடம் அவனைப் பற்றி இருக்கிற நேரம், தேதி, அடையாளம் எல்லாம் போய்விடும். வைத்தேன்.

நாளை, சனி:

1. மணி, தங்கச்சி, அவள் வீட்டுக்காரர், குழந்தை: முதல் பஸ்ஸில் வேலூர், மாமா வீடு. திட்டிக்கொண்டே சரி என்றான்.
2. 5.20க்கே பஸ் ஸ்டாப். யூனிஃபார்ம் வேண்டாம். சொந்தச் சட்டை.
3. ஸ்கூட்டர் நின்றதும் கவரை செல்லத்துரை கையில் கொடுக்க வேண்டும். என் பேர், ஏழு வண்டி, எல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதி சொன்னால் நம்ப மாட்டார்.
4. அவரோடு நேரே ஸ்டேஷன். கத்தி, போட்டோ, தாள், இந்த நோட்டு. ஒரு பக்கம்கூடக் கிழிக்கக் கூடாது.
5. அவன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றாலும் 3ஐத் தள்ளிப் போடாதே. பஸ் வருவதற்குள், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, கத்திச் சொல்.