மச்சாளைக் கேட்டு வாங்கியது

மச்சாள்,

இன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். வெளிநாட்டிலிருந்து வந்த வாழ்த்து அட்டையை அவள் விரித்தாள். விரித்தவுடன் அது பாடத் தொடங்கிவிட்டது. கீச்சுக் குரல், நிற்பாட்டவே இல்லை. எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். நான் கையிலிருந்த கேக்கைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன அன்ரி, பிறஷரோ?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அந்தப் பாட்டைக் கேட்டு நான் ஏன் குசினிக்குள் ஓடினேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்களோ கீரிச் சேமக்காலையில் மண்ணுக்குள் படுத்திருக்கிறீர்கள்.

உங்கள் தம்பியைக் கட்டி வந்த நாளிலிருந்து நான் உங்களைக் கேட்காமல் ஒரு சாமான் வாங்கியதில்லை. சீலைக்கு எந்தக் கரை எடுபடும், பாயை எந்தக் கடையில் வாங்கலாம், கலியாண வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம், எல்லாம் உங்களிடம்தான். ஒருமுறை கண்ணாடி வைத்த சாமி படம் கொடுப்போம் என்றேன். "இருக்க வீடில்லாத சனத்துக்குப் படத்தை எங்கை கொழுவச் சொல்லப் போறீர்? படுக்கை விரிப்பைக் குடும், ஓடேக்கை மூட்டை கட்டவும் உதவும்" என்றீர்கள். அப்படியான காலம் அது.

எங்கள் தெரு முழுக்க உங்களிடம் வரும். ஆனால் எது நல்லது என்று ஒருவரும் கேட்பதில்லை. எது போகும் என்றுதான் கேட்பார்கள். எங்கள் தீவு ஆமியிடம். பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் இயக்கப் பெடியள். நடுவிலே அந்தச் சோதனைச் சாவடி. போன கிழமை விட்ட சவர்க்காரத்தை இந்தக் கிழமை விடமாட்டான். நெருப்புப்பெட்டியை விடுவான், மெழுகுதிரியை வாங்கி வைப்பான். பற்றறி மட்டும் என்றைக்கும் இல்லை. ரோச் பற்றறியோடு பிடிபட்டவன் எப்போது வீட்டுக்கு வருவான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தச் சொல்லை நாங்கள் வீட்டுக்குள்ளேயும் மெதுவாகத்தான் சொல்வோம்.

உங்கள் அம்மா, என் மாமி, உங்கள் தங்கச்சி குடும்பத்தோடு மடுக் கோயிலடியில் கொட்டில் போட்டிருந்தா. படுத்த படுக்கை. அவவுக்குப் பிறஷர் குளிசை கொண்டுபோக மாதா மாதம் பாஸ் எடுத்துக்கொண்டு நீங்கள் போய் வருவீர்கள். அதனால்தான் சாவடியின் மனநிலை உங்களுக்கு அத்துப்படி.

தங்கச்சியின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள், வந்தது. நானும் வாறன் என்றேன். பிள்ளைக்கு என்ன கொண்டுபோவது என்று வழக்கம்போல உங்களைத்தான் பிடித்தேன். வெள்ளைத் துணியென்றால் எதற்கென்று கேட்பான், பொம்மையென்றால் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பான். நீங்கள் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "செட்டை வைச்ச சம்மனசு படம் போட்ட வாழ்த்து அட்டை ஒண்டு வாங்கும். காகிதம்தானே. காகிதத்தை ஆர் மறிக்கிறது?"

எனக்கு அது சரியென்று பட்டது. கடையில் இருந்ததிலேயே வடிவான அட்டையை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் எடுத்தோம். மினுங்குகிற கண்ணாடித் தாளில் சுற்றி ஒட்டியிருந்தது. பிரித்தால் கசங்கிவிடும், கொடுக்கிற சாமான் புதுசாக இருக்கவேண்டும் என்று விரித்துப் பார்க்கவே இல்லை.

சாவடியில் ஆமிக்காரன் என் பையைத்தான் கொட்டினான். தாளைக் கிழித்தான், அட்டையை விரித்தான். அது பாடியது.

ஐயோ மச்சாள், அந்தக் கணம்! அவன் அட்டையைக் கீழே போட்டுவிட்டுத் துவக்கைத் தூக்கினான். வரிசையில் நின்ற சனம் அப்படியே மண்ணில் குந்திவிட்டது. அட்டை நிலத்தில் கிடந்து பாடிக்கொண்டே இருந்தது. இன்னொருவன் வந்து மட்டையைக் கிழித்தான். உள்ளே ஒரு வயர், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றறி. "மே காகேத?" என்று கத்தினான். ஆருடையது என்று கேட்கிறான் என்று சிங்களம் தெரியாத எனக்கே விளங்கியது. பை என்னுடையது. நீங்கள் கையை உயர்த்தினீர்கள். நீர்கொழும்பில் வளர்ந்த உங்கள் சிங்களத்தில் ஏதோ சொன்னீர்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த அறைக்குள் போனார்கள்.

நான் வெயிலில் நின்றேன். செபமாலையை எடுத்தால் அதைக் கண்டு என்ன நினைப்பானோ என்று பயம், விரலை மடித்துச் செபம் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். உங்கள் தம்பிக்கு என்ன சொல்லுவேன், மாமிக்கு என்ன சொல்லுவேன், அக்காவை அட்டைக்காகப் பறிகொடுத்தேன் என்றா? மாதாவே, மாதாவே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வெளியே வந்தபோது கையில் அட்டை இருந்தது. பற்றறியைப் பிடுங்கிவிட்டுத் தந்திருந்தார்கள். "நட" என்றீர்கள். என்னை நீர் என்று சொல்லாமல் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

பிள்ளைக்குக் கிழிந்த, பாடாத அட்டையைக் கொடுத்தோம். அவளுக்கு அதுவே பெரிய சந்தோசம். அதற்குப் பிறகு கோயில் மரத்தடியில் இருந்துதான் சொன்னீர்கள். அறைக்குள் இருந்த ஆமிப் பெரியவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். அடிக்கப் போகிறான் என்று நீங்கள் கண்ணை மூடியிருக்கிறீர்கள். அவன் கேட்டிருக்கிறான், இது எங்கே விற்கிறது என்று.

"அவன்ர மகளுக்குப் பிறந்தநாள் வருதாம். வாற மாசம் வரேக்கை இப்பிடி ஒண்டு வாங்கிக்கொண்டு வரட்டாம்."

அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கொண்டுபோய்க் கொடுத்தால் வரிசையில் நிற்கிற சனம் காணும். ஆமிக்குச் சாமான் கொடுக்கிற மனுசி என்று ஒரு வாய் சொன்னால் போதும், நாங்கள் மடுப் பக்கம் போய்ச் சேர முதலே அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பெடியள் என்ன செய்வார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொடுக்காவிட்டால் இவன் பாதையை மறிப்பான். மாமியின் குளிசை முடிந்துவிடும்.

அந்த மாதம் முழுக்க நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "எல்லாரும் என்னட்டைக் கேக்கினம். நான் ஆரைக் கேக்கிறது? நீர் சொல்லும், வாங்கவோ விடவோ?" நான் அழத் தொடங்கினேன். "சரி, சரி, மூக்கைத் துடையும். உம்மட்டைக் கேட்டன் பாரும்!" என்று நீங்கள்தான் என்னைத் தேற்றவேண்டியிருந்தது.

அடுத்த முறை உங்களைத் தனியே விடப் பயம், கூட வரவும் பயம். வந்தேன். பையில் குளிசையும் பிஸ்கட்டும்தான். நீங்கள் அட்டை வாங்கவில்லை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. பெரியவன் உங்களைக் கண்டுவிட்டான். எழும்பி வந்தான். ஒரு படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். நீங்கள் அதை வாங்கிப் பார்த்தீர்கள், ஏதோ கேட்டீர்கள், சொன்னீர்கள். என்ன பேச்சு என்று தெரியாமல் நான் செத்துக்கொண்டிருந்தேன். அவன் முகம் கறுத்தது. பிறகு குனிந்தது. பாதையை மறித்திருந்த தடியை உயர்த்திவிடச் சொன்னான்.

வான் வண்டியில் ஏறிய பிறகுதான் காதோடு சொன்னீர்கள்.

"நான் கொண்டு வரேல்லை, கொண்டு வந்தா எனக்கு உயிர் மிஞ்சாது எண்டன். ஆனா என்ன வாங்கலாமெண்டு சொல்லுறன், நீங்களே வாங்குங்கோ எண்டன். படத்தைப் பாத்தன். மெல்லிய கை அந்தப் பிள்ளைக்கு. சிவப்பு வளையல் வாங்குங்கோ, ஆனா அளவைக் கொஞ்சம் பெரிசாப் பாத்து எடுங்கோ எண்டன். ஏனெண்டு கேட்டான். நீங்கள் வீட்டை போறதுக்குள்ளை பிள்ளை வளந்திடும் எண்டன்."

சொல்லிவிட்டு நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கை மட்டும் என் கையை விடவில்லை, சில்லிட்டுப் போயிருந்தது. அத்தனை பயத்தோடா அப்படிப் பேசினீர்கள்?

அடுத்த மாதம் சாவடியில் பெரியவனின் கதிரையில் வேறொருவன் இருந்தான். நடுவில் அந்த றோட்டில் கண்ணி வெடித்ததாகச் சனம் கதைத்தது. ஆர், எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் லீவில் போயிருக்கலாம், மாற்றலாகியிருக்கலாம். சிங்களத்தில் ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு ஆமிக்காரனைப் பற்றி விசாரிக்கிற மனுசியாக அந்த வரிசையில் ஆர் நிற்பது? பையை மூடிக்கொண்டு வந்தோம். மடுவில் அன்றைக்கு நீங்கள் வழக்கத்தை விடக் கனநேரம் முழந்தாளில் நின்றீர்கள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

மாமி பிறகு படுக்கையிலேயே கண்ணை மூடினா. சண்டையும் முடிந்தது. நீங்களும் உங்கள் கட்டிலில், எல்லாரும் சுற்றி நிற்கத்தான் போனீர்கள். பயம் மட்டும் என்னோடு இருக்கிறது. இப்போதும் கடையில் எதைத் தூக்கினாலும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன், எங்கேயாவது பற்றறி இருக்கிறதோ என்று. யாருக்கு என்ன கொடுப்பது என்று இப்போது கேட்க ஆளில்லை, பிள்ளைகள் ரெலிபோனைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று கேட்கவேண்டும் மச்சாள். அந்தச் சிவப்பு வளையல் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ? எனக்கு அறிய வழியில்லை. நீங்கள் இப்போது இருக்கிற இடத்திலிருந்து சொல்லலாம். அந்த மனுசனை அங்கே காணவில்லை என்று சொல்லுங்கோ.