ஒன்பதாவது வீட்டின் பின்பக்கம்

சோழபுரம்
8.2.2026, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை அனுசியா எழுதுவது. முதல் வரியிலேயே நலம் என்று எழுதிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தான், அத்தை, இந்து, நான் நாலு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த வரியில் அவ்வளவுதான் எழுத முடிகிறது. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்திருப்பாய். வெள்ளிக்கிழமைதோறும் உன் முதலாளியம்மா உனக்குப் போன் தருகிற பத்து நிமிஷமும் இங்கே ஸ்பீக்கரில்தான் போகிறது. அத்தான் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நடுவில் இந்து. எனக்குக் கிடைப்பது போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும். இந்த விஷயத்தை எல்லோர் நடுவிலும் சொல்ல முடியாது. ஜெயபாய் அக்கா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறார்கள். அத்தை இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியின் கூடவே இதையும் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். தனியாக இருக்கும்போது படி.

முதலில் உன் செல்ல மகள் இந்து. அரைப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறாள். உன்னிடம் எழுபது என்று சொன்னாளே, அது பொய். பொதுப் பரீட்சையில் திடீரென்று உன்னைத் திகைக்க வைக்கப் போகிறாளாம். கொழுப்பு அவளுக்கு. அத்தானுக்கு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இந்த மாதம் பகல் ஷிப்டுதான். இருமல் குறைந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. சுற்றி வளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

உன் அடுப்படியை இடிக்கப் போகிறார்கள். அடுப்படியும் அதை ஒட்டி அத்தைக்கென்று போட்ட அறையும். அடுத்த வாரம், பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வீட்டின் பின்பாதி கண்மாய்க்குள் இருக்கிறதாம், ஆக்கிரமிப்பாம். பொங்கலுக்கு மறு வாரம் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பொறவு அளக்க வந்தவர்கள் சிவப்பு பெயிண்டால் சுவரில் கோடு போட்டார்கள். நீ போனில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டுப் பதிக்கச் சொன்னாயே மஞ்சள் டைல்ஸ், அதன் குறுக்காகத்தான் அந்தக் கோடு போகிறது. போன வெள்ளிக்கிழமை நீ அடுப்படியைக் காட்டச் சொன்னபோது இந்து அந்த இடத்தில் காலண்டரை மாட்டி வைத்திருந்தாள். நீயும், என்ன அங்கே போய்க் காலண்டரை மாட்டியிருக்கிறீர்கள், எண்ணெய் தெறிக்காதா என்று கேட்டாய்.

உனக்குச் சொல்லக் கூடாது என்பது அத்தான் முடிவு. “பாண்டிக்கு இப்பத் தெரிய வேண்டாம். அங்கன உக்காந்து அவ அழுதா தேத்துறதுக்கு யாரு இருக்கா? வைகாசில வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்” என்றார். அவர் சொன்னது சரிதான். நான் அதை மீறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டது நான்.

சுவரில் இருக்கிற பெயிண்டைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற கோட்டைச் சொல்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் அப்படி என்னதான் செய்கிறேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். படம் வரைகிறேன் என்று சொல்லி மழுப்புவேன். வேலை இதுதான். மேலேயிருந்து ட்ரோன் எடுத்த போட்டோவையும் பழைய காகித வரைபடத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கொடுப்பார்கள். அதன் மேல் மூலைக்கு மூலை மவுஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் பின்னாலேயே கோடு வரும். கடைசிப் புள்ளியை முதல் புள்ளியில் கொண்டு சேர்த்தால் உருவம் மூடிக்கொள்ளும். அதற்குப் பாலிகன் என்று பேர். வீடு ஒரு பாலிகன், வயல் ஒரு பாலிகன், கண்மாய் ஒரு பெரிய பாலிகன். தப்பாக வைத்த புள்ளியைப் பிடித்து இழுத்து நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு உருவத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் சோதனையில் சிவப்பாகக் காட்டும், வேலை திரும்பி வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதம், எனக்கு வந்த படம் நம் ஊர். சொந்த ஊர் வந்தால் சொல்லிவிட்டு வேறு ஆளிடம் மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் சூப்பர்வைசர் சாம்சன் சார் முதல் நாளே சொன்ன விதி. நான் சொல்லவில்லை. நம் வீட்டை மேலேயிருந்து பார்க்க வேண்டும் போல இருந்தது, வேறொன்றுமில்லை. மொட்டை மாடியில் காய்ந்த உன் பச்சைப் போர்வைகூடத் தெரிந்தது அக்கா. நீ போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று அழுகையை அடக்கிக்கொண்டு நாலு மூலையிலும் புள்ளி வைத்தேன். நான் வரைந்ததிலேயே அவ்வளவு நேர்த்தியான பாலிகன் வேறு கிடையாது.

நம் தெருவில் ஒன்பது வீடு. ஒன்பதுக்கும் பின்னால், சுவருக்கும் கண்மாய்க்கும் நடுவில், கொடி கட்டித் துணி காயப்போடுகிற துண்டு இடம். பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் காகிதம் மடிந்து மடிந்து கோடே தேய்ந்து போயிருந்தது. அதனால் அந்தத் துண்டு யாருக்கும் சொந்தமில்லாமல் சிவப்பாக நின்றது. எதில் சேர்ப்பது என்று சாரிடம் கேட்டேன், எந்த ஊர் என்று சொல்லாமல். சந்தேகம் வந்தால் பக்கத்தில் எது பெரியதோ அதில் சேர்த்துவிடு என்றார். பெரியது கண்மாய்.

எனக்குச் சந்தேகமே இல்லையே அக்கா. அந்த இடத்தில் யார் வீட்டு அம்மி கிடக்கிறது, யார் வீட்டு முருங்கை நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் குருசாமி அண்ணன் வீட்டில் தொடங்கி எட்டு வீட்டுக்கும் அந்தத் துண்டை வீட்டோடு சேர்த்து வரைந்தேன். ஒன்பதாவது நம் வீடு. அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது. ஏற்கெனவே விதியை மீறி உட்கார்ந்திருக்கிறோம், இதில் நம் வீட்டுக்கே இடம் எடுத்துக் கொடுத்தோம் என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று நினைத்தேன். நம் வீட்டுக்கு மட்டும் விதிப்படி செய்தேன். கண்மாயின் புள்ளியைப் பிடித்து இழுத்து நம் பின்சுவரில் ஒட்டவைத்தேன். சிவப்பு மறைந்தது. மனசுக்குள் ஒரு பெருமைகூட வந்தது, கேட்டுக்கொள். எவ்வளவு நேர்மையான பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மடச்சி.

நேரில் வந்து சரிபார்ப்பார்கள், அப்போது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். வந்தார்கள். முதல் மூன்று வீட்டை அளந்து பார்த்துவிட்டு, எல்லாம் பொருந்துகிறது என்று போய்விட்டார்கள். போன வருஷம் ஆவணியில் அந்தத் துண்டு இடத்தில்தான் அடுப்படிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அன்றே ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக அந்தப் படத்தைத் திறந்தேன். முன்பெல்லாம் கோட்டில் கிளிக் செய்தால் மூலைக்கு மூலை சின்னச் சதுரங்கள் முளைக்கும், அதைப் பிடித்து இழுக்கலாம். அன்றைக்கு ஒன்றும் முளைக்கவில்லை. ஒப்புதல் ஆகிப் படத்தைப் பூட்டியிருந்தார்கள். பார்க்கலாம், தொட முடியாது. அன்றைக்காவது வீட்டில் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ போனில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நோட்டீஸ் வந்த மறுநாளே சாம்சன் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு அந்தப் படத்தை என் முன்னாலேயே திறந்து, ஒன்பது வீட்டையும் பெரிதாக்கிப் பார்த்தார். நம்முடையது கூட்டுப் பட்டா, ஒன்பது குடும்பமும் ஒரே தாளில்தானே இருக்கிறது. யார் வீட்டுக்கு எவ்வளவு என்று அதில் கிடையாது. அதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“நீ எழுதிக் குடுத்தா உங்க வீட்டோட நிக்காதும்மா. சொந்த ஊர வரைஞ்சிருக்கான்னு அந்த வரிசை முழுக்கத் திரும்ப எடுப்பாங்க. உன் கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கு ஆதாரம் என்ன இருக்கு? விதிப்படி பாத்தா ஒன்பதும் கம்மாய்க்குத்தான் போகும்.”

அப்படியும் விடவில்லை. என் பேரைச் சொல்லாமல், நம் வீட்டை மட்டும் திரும்ப அளக்கச் சொல்லி அத்தானை விட்டு மனு எழுத வைத்தேன். ராஜபாளையம் தாலுகா ஆபீசில் ஒரு தடவை, விருதுநகரில் குறைதீர் நாளில் ஒரு தடவை. இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். அளந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள். கையில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். படத்தில் இருக்கிறபடிதானே இருக்கிறது என்றார்கள். நான் வரைந்ததை வைத்துத்தான் நான் வரைந்தது சரியா என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆபீசில் இப்போதும் தினமும் காலையில் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கிறேன். மூன்று நிமிஷ வேலை அக்கா. இரண்டே இரண்டு புள்ளி.

நான் என் பேரில் எழுதிய மனு ஒன்றும் இருக்கிறது. நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது. பத்து நாளாக டிபன் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். போன திங்கட்கிழமை எப்படியும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து கிளம்பினேன். வாசலில் குருசாமி அண்ணன் அத்தானிடம் பேசிக்கொண்டிருந்தார். “எங்க பின்னால அம்புட்டு இடம் சும்மாதான கெடக்கு. மதினி வார வரைக்கும் அடுப்ப அங்கன வச்சுக்கிடுங்க. நானே கூரை போட்டுத் தாரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெண்ணுக்குச் சித்திரையில் கல்யாணம். பந்தல் அந்த இடத்தில்தான் போடப் போகிறார்களாம். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அத்தைக்கு நான்தான் என்று தெரியாது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து, “அந்தக் கோட்டப் போட்ட கை வெளங்காமப் போகும்” என்கிறார்கள். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறார்கள், ஆபீசுக்குப் போகிற பிள்ளை நல்லா சாப்பிடு என்று. நான் அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிடுகிறேன்.

அக்கா, அந்த மனுவைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று உன்னைக் கேட்கவில்லை. அந்தப் பாரத்தையும் உன் தலையில் ஏற்றினால் நான் மனுஷியே இல்லை. நான் அதைக் கொடுக்கப் போவதில்லை. எட்டு வீட்டுக்குப் பதிலாக உன் வீட்டை விட்டுக்கொடுக்கிறேன். மூன்று வருஷமாக அடுத்தவர் அடுப்படியில் நின்று நீ கட்டிய அடுப்படி அது. ஒரு நாள்கூட நீ அதில் உலை வைக்கவில்லை. அதை உன்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறேன். இதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்த வேலையிலும் இருக்க மாட்டேன். இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். அதனால் உனக்கு ஒன்றும் திரும்பி வராது என்று தெரியும். என்றாலும் இனி ஒரு வீட்டு மூலையில் புள்ளி வைக்க எனக்குக் கை வராது. உன் பாத்திரங்களைப் பதினேழாம் தேதிக்கு முன்னால் நானே எடுத்து அடுக்கி வைக்கிறேன். ஜன்னல், கதவைக் கழற்றிவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். டைல்ஸ் மட்டும் உடையாமல் வராதாம்.

நீ என்னைத் திட்ட வேண்டும். வைகாசியில் வந்து, எல்லோர் முன்னாலும் ஏட்டி என்று கூப்பிட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்வேன். அத்தானிடமும் அத்தையிடமும் அன்றைக்கு நானே சொல்கிறேன். அதுவரைக்கும் நீ அங்கே அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஜெயபாய் அக்காவிடம் உன்னை அடிக்கடி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை போன் வரும்போது, வழக்கம்போல அடுப்படியைக் காட்டு என்று ஒரு தடவை கேள் அக்கா. நான் மெதுவாகக் காட்டுகிறேன். ஜன்னல், மேடை, அலமாரி, உன் மஞ்சள் டைல்ஸ் எல்லாவற்றையும் காட்டுகிறேன். காலண்டரை எடுத்துவிட்டே காட்டுகிறேன். நீ கேட்காவிட்டாலும் நான் போனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். ஆனால் கேள்.

உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் சாமி துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
அனுசியா