ஆள் வராத கல்லறைகள்

அண்ணா,

கையை மூன்று முறை கழுவியும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. இன்று கல்லறைத் திருநாள். நீங்கள் இருந்தவரை நாம் சேர்ந்து செய்த வேலையைக் காலையில் தனியாகச் செய்துவிட்டு வந்தேன்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும் தாம்பரத்தின் முதல் கல்லறைத் தோட்டத்துக்கு வரலாறு எழுதக் கிளம்பினீர்கள். பட்டணம் முடிந்து காடு தொடங்கிய இடத்தில் தண்டவாளம் போட வந்து, காய்ச்சலில் செத்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். "இந்த ஊர்ல முதல்ல குடிவந்தவங்க இவங்கதாம்மா" என்பீர்கள். தேய்ந்த கற்களில் தண்ணீர் தெளித்து நீங்கள் எழுத்தைப் படிப்பீர்கள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் பெயர் அன்னம்மாள், தண்டவாளக் கூலி ஒருவரின் மனைவி.

திருநாளன்று யாரும் மெழுகுவர்த்தி ஏற்றாத கல்லறைகளுக்கு எதிரே 'ஆள் வரவில்லை' என்று குறிப்பீர்கள். மறு வருடம் அவற்றுக்கெல்லாம் நாம் வெள்ளையடித்து மெழுகுவர்த்தி வைப்போம்.

நீங்கள் போன பிறகு கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலாளர் வீடு தேடி வந்தார். "புக்கா போடலாம்கா, நோட்டைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். புத்தகம் வரவில்லை. தோட்டத்தில் இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு, கேட்க நாதியற்ற குழிகளின் பட்டியல் தேவைப்பட்டது. அது உங்கள் நோட்டில் தயாராக இருந்தது.

குழி வெட்டுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "ஆள் வர்லன்னு சாரே எழுதிக்கீறாருக்கா. நாங்க இன்னா பண்றது?" அன்னம்மாள் இருந்த இடத்தில் இப்போது வேறொரு குடும்பத்தின் கிரானைட் பளபளக்கிறது. உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கல் உடைந்த விதத்தைக்கூட எழுதிவைத்த மனிதர், 'ஆள் வரவில்லை' என்பதோடு 'அதனால் நாம் போக வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?

இன்று வாசலில் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் உங்கள் நோட்டு. யார் யார் வருகிறார்கள் என்று இப்போது அவர் குறிக்கிறார். உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்தேன். பிறகு அந்தக் கிரானைட்டின் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவரிடம் போனேன்.

"அன்னம்மாளுக்கு ஆள் வந்திருக்குன்னு எழுதுங்க."

"அந்தக் குழியே இப்ப இல்லையேக்கா."

நோட்டை வாங்கி நானே எழுதினேன், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில். கிழவி ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பக்கத்தைப் புரட்டி, செயலாளர் சேர்த்திருந்த உங்கள் பெயரையும் பார்த்தேன். உங்கள் பிள்ளைகள் இந்த வருடமும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. உங்களுக்கு எதிரே என் பெயர் மட்டும் இருக்கிறது. பிரஷ்ஷைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். என் முழங்கால் இன்னும் எத்தனை வருடம் அவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரியவில்லை. நான் வராத வருடம், நீங்கள் எழுதிப் பழக்கிய அந்த இரண்டு சொல்லை உங்களுக்கும் எழுதுவார்கள்.